முருகன் படம் வரை இருபத்தொரு சென்ரிமீற்றர்

அகலம் ஐம்பத்தெட்டு, உயரம் நாற்பத்தாறு, ஆழம் இருபத்தொன்று. ஒரு கடித உறையின் பின்புறம் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். மூன்று கடைகளில் அதை எடுத்துக் காட்டியாயிற்று. முதற்கடைப் பெண் அதைப் பார்த்துவிட்டு என்னையும் ஒருமுறை பார்த்தாள். இரண்டாவது கடைக்காரர் மறுநாள் மின்னஞ்சலில் பதில் போட்டார்: ‘இந்த ஆழத்துக்கு எவரும் அடுப்புச் செய்வதில்லை.’

எங்கள் வீடு பாரிஸ் லா ஷப்பேலில், மெட்ரோ பாலத்துக்கு இரண்டு தெரு தள்ளி, பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. முன்னறைச் சுவரில், குளிர்காய நெருப்பு மூட்டுகிற ஒரு சிறிய பளிங்குக் கணப்பு உண்டு. இந்தக் கட்டடத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. எவரும் நெருப்பு மூட்டுவதில்லை. திறந்த நெருப்புக்கு இங்கே அனுமதியில்லை. ஆனால் கணப்பின் குழிக்குள் செருகிவைக்கிற, கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு விறகடுப்பு ஒன்று இருக்கிறது. அன்சேர் என்கிறார்கள். அதை வைக்கலாமா என்று கட்டட உரிமையாளர் சங்கத் தலைவி மரி-லூயிஸிடம் கோடையிலேயே கேட்டுவிட்டேன். புகைபோக்கி துப்புரவாக்குபவன் கூரையில் ஏறிக் கமராவை இறக்கிப் பார்த்தான். கணப்பின் தொண்டையை அடைத்த தகடு வரை வழி சுத்தம், குழாய் இறக்கினால் போதும் என்று எழுதித் தந்தான். மரி-லூயிஸ் கையெழுத்து வைத்தாள். எல்லாம் சரிவந்தது. அடுப்பு மட்டும் கிடைக்கவில்லை.

அடுப்பு எதற்கு என்பதைச் சொல்லவேண்டும். போன மாரிக் குளிரில் என் மனைவி கோசலை மூன்று மாதம் வீட்டில் இல்லை. வில்லியே லே பெல்லில் மகள் சாம்பவியின் வீட்டில் இருந்தாள். சண்டை ஒன்றுமில்லை. முன்னறையில் இருக்கிற மின்சூடாக்கி முகட்டைத்தான் சூடாக்கும். கோசலையின் முழங்கால் கீழேதான் இருக்கிறது. நான் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் பகல் முழுக்க நீராவிக்குள் நின்றுவிட்டு வருகிறவன். எனக்குக் குளிர் தெரிவதில்லை. அவள் போன பிறகுதான் தெரிந்தது.

இந்த முறை கந்தசட்டி விரதம் முடிந்ததும் மறுபடி மகளிடம் போவதாகச் சொல்லியிருந்தாள். எப்போது வருவாள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த அறை சூடானால் அவள் போகத் தேவையில்லை என்று கணக்கிட்டு, ஓகஸ்ட் மாதம் முதல் அடுப்புத் தேடிக்கொண்டிருந்தேன். அவளுக்குச் சொல்லவில்லை. வாங்கி வைத்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்துவந்திருக்கிறோம். செய்து முடித்த பிறகு பேசுவது.

மூன்றாவது கடையில் யோன் என்ற இளைஞன் இருந்தான். சிவந்த தாடி. என் கடித உறையை வாங்கி மேசையில் வைத்து, பென்சிலால் ‘இருபத்தொன்று’ என்பதன் கீழ் இரண்டு கோடு போட்டான்.

“முசியே குலசேகரம், பாரிஸில் எத்தனையோ கணப்புப் பார்த்துவிட்டேன். இருபத்தொன்று இல்லை. அது கணப்பில்லை, தபால் பெட்டி.”

“நானே அளந்தேன்.”

“எது வரை அளந்தீர்கள்? பின்சுவர் வரையா?”

நான் கடித உறையின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தேன். அவன் காத்திருந்தான். பிரெஞ்சுக்காரர்களுக்கு இவ்வளவு நேரம் பேசாமல் இருக்க முடியாது என்று நினைத்திருந்தேன். அவன் இருந்தான்.

“பின்சுவர் வரை இல்லை,” என்றேன்.

“பிறகு?”

“படம் வரை.”

எங்கள் கணப்புக்குள் சாமி இருக்கிறது. இருபது வருடத்துக்கு முன் இந்த வீட்டைப் பார்க்க வந்தபோது கோசலை கைப்பையில் இருந்து ஒரு சிறிய திசைகாட்டியை எடுத்து முன்னறை நடுவில் நின்று பார்த்தாள். கணப்பு இருந்தது ஈசான மூலையில். வீடு காட்ட வந்தவர் பளிங்கின் வயதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். “இதையே எடுப்பம்,” என்றாள். குடிவந்த முதல் நாளே குழிக்குள் ஒரு மரப்படி வைத்து, சிவப்புப் பட்டு விரித்து, பிள்ளையாரையும் அம்மனையும் வைத்தாள். அவர்களுக்குப் பின்னால் பெரிய முருகன் படம். முன்னால் குத்துவிளக்கு. கணப்புக்கு இங்கே சொல்கிற ஷெமினே என்ற சொல்லை எங்கள் வீட்டில் எவரும் சொன்னதில்லை. எங்களுக்கு அது சாமியிடம், சாமி இருக்கிற இடம்.

அளந்த அன்று அவள் ரூ பெர்தொனே தெருவுக்குப் பூ வாங்கப் போயிருந்தாள். நான் மத்தியானம் மீன்குழம்பு சாப்பிட்டிருந்தேன். மச்சம் சாப்பிட்ட உடம்போடு, தலைமுழுகித் தோயாமல், சாமியிடத்துக்குள் கை வைக்க முடியாது. அதனால் ஒன்றையும் தொடாமல், வெளியே குந்தியிருந்து, இரும்பு அளவுநாடாவை மட்டும் நீட்டி நீட்டி உள்ளே விட்டேன். நாடாவின் நுனி முருகன் படத்துக் கண்ணாடியில் டிக்கென்று முட்டியது. இருபத்தொன்று. பட்டு விரித்த படியின் மேலிருந்து வளைவு வரை நாற்பத்தாறு. எழுதிக்கொண்டேன். படத்துக்குப் பின்னால் சுவர் எங்கே இருக்கிறது என்று யோசிக்கவே இல்லை. இருபது வருடமாக எனக்கு அந்தக் குழி முருகனோடு முடிந்துவிடுகிறது.

யோன் கணப்பை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். அன்று பின்னேரமே கூப்பிட்டான்.

“முசியே, உங்கள் கணப்புக்குள் ஒரு குடும்பமே குடியிருக்கிறது.”

“ஓம்,” என்று தமிழில் சொல்லிவிட்டேன்.

“அவர்களை எழுப்பாமல் நான் அளக்க முடியாது. முன் அகலம், பின் அகலம், உள் ஆழம் எல்லாம் வேண்டும். இந்த வகைக் கணப்பு பின்னால் குறுகிக்கொண்டு போகும். முன்னால் சரியாக இருக்கும், உள்ளே தள்ளும்போது இறுகும். சனிக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன். காலியாக இருக்கட்டும்.”

அன்று செவ்வாய். சனிக்கிழமைக்கிடையில் நான் கோசலைக்குச் சொல்லவேண்டும்.

புதன்கிழமை அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தபோது சொல்ல வாயெடுத்தேன். அவள் முழங்காலுக்குத் தைலம் பூசப் போய்விட்டாள். வியாழக்கிழமை சாம்பவி ரெலிபோனில் வந்தாள். “அப்பா, அம்மான்ர அறைக்குப் புதுக் கட்டில் போட்டிருக்கு, சொல்லிவிடுங்கோ,” என்றாள். அம்மாவின் அறை. போன வருடம் அது பேரனின் விளையாட்டறையாக இருந்தது. அதைக் கேட்ட பிறகு எனக்கு இன்னார் மேல் என்றில்லாத எரிச்சல் வந்தது. சாம்பவி மேல், கட்டில் மேல், இருபத்தொன்று என்ற எண்ணின் மேல். வெள்ளிக்கிழமை நான் சலவை நிலையத்திலிருந்து வந்து கதிரையில் இருந்து ஒரு புத்தகத்தை விரித்தேன். ஒரே பக்கத்தை ஒரு மணிநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கோசலை விளக்கேற்றிவிட்டு, போர்வையோடு படுக்கையறைக்குப் போனாள். கதவருகே ஒரு பயணப்பை நின்றது. அதை எப்போது எடுத்து வைத்தாள் என்று தெரியவில்லை.

சனிக்கிழமை விடிய எழும்பித் தோய்ந்தேன். அவளும் தோய்ந்துவிட்டு வந்தாள். பத்து மணிக்கு மணியடித்தது. கதவைத் திறந்த கோசலை யோனை மேலும் கீழும் பார்த்தாள்.

“சப்பாத்தைக் கழட்டச் சொல்லுங்கோ,” என்றாள் என்னிடம்.

யோன் கழற்றினான். ஒரு காலுறையில் ஓட்டை இருந்தது. “போன்ஜூர் மதாம். கணப்பை அளக்க வந்தேன்.”

நான் வாய் திறக்கமுன் அவள் சாமியிடத்துக்கு முன்னால் ஒரு பாயை விரித்தாள். பாய் ஏற்கனவே சுருட்டி எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

“இஞ்சேருங்கோ, நீங்கள் தோய்ஞ்சனீங்கள்தானே?”

“ஓம்.”

“மச்சம்?”

“நேற்று வெள்ளி. எங்கால மச்சம்?”

“அப்ப கையை நீட்டுங்கோ.”

அவளால் குந்த முடியாது. பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் தந்தாள். பிள்ளையார், அம்மன், குத்துவிளக்கு, திருநீற்றுச் சட்டி. கடைசியாக முருகன் படம், நினைத்ததைவிடப் பாரம். சிவப்புப் பட்டை மடித்தாள். மரப்படியை யோனே தூக்கினான். உள்ளே கருமை நீண்டுகொண்டு போனது. நான் ஒருநாளும் பார்த்திராத ஒரு பின்சுவர் இருந்தது, மங்கலாக, புகை பிடித்து.

“நாற்பது!” என்றான் யோன் குழிக்குள் இருந்து. “ஆழம் நாற்பது முசியே. உயரம் அறுபத்திரண்டு. பின் அகலம் முப்பத்தொன்பது. மூன்று மாதமாக எங்கே போய்த் தேடினீர்கள்?”

எனக்கு அவமானமாக இருந்தது. மூன்று கடை, எத்தனை கடிதம், எத்தனை பின்னேரம். அத்தனைக்கும் காரணம் ஒரு மத்தியானத்து மீன்குழம்பு.

“தெரிஞ்சுகொண்டே பேசாமல் இருந்தனீரோ?” என்று கோசலையைக் கேட்டேன்.

“என்னத்தை?”

“அடுப்பு விசயத்தை.”

“நாடாவும் கையுமாத் திரியிறியள். நான் என்ன குருடியே? சனிக்கிழமை பத்து மணி எண்டு ரெலிபோனிலை கதைச்சது கேக்கேல்லையே? முருகன்ர கண்ணாடியிலை இரும்பாலை கீறி வைச்சிருக்கிறியள். பார்த்திட்டு, சரி, மனுசன் எப்பவாவது வாயைத் திறக்கும் எண்டு இருந்தன்.”

“கேட்டிருக்கலாமே?”

“நீங்கள் சொல்லியிருக்கலாமே?”

யோன் இருவரையும் பார்த்துவிட்டுக் குழிக்குள் தலையை விட்டான். அவனுக்கு எது விளங்கியதோ தெரியாது.

இரண்டு மாதிரிகள்தான் பொருந்தும் என்றான். ஒன்று அகலமான கண்ணாடி, அழகு, ஆனால் முதுகு சதுரம். உள்ளே போய் மூலைகளில் முட்டும். மற்றது முதுகு குறுகியது, கண்ணாடி சிறியது, சுற்றிவரக் காற்றுக்கு இரண்டு விரல் இடம் மிஞ்சும். அந்த இடம் கட்டாயம் வேண்டும். “குறுகியதைத்தான் எடுக்கவேண்டும். வேறு வழியில்லை.” பிறகு பாயிலும் என் மடியிலும் இருந்த படங்களைப் பார்த்தான். “இவர்கள் எங்கே போவார்கள்? கணப்பின் மேலே வைக்காதீர்கள், சூடு ஏறும்.”

அதை நான் யோசித்திருக்கவில்லை. மூன்று மாதத்தில் ஒருநாள்கூட இல்லை. குழியை அளந்தேன், குழாயை விசாரித்தேன், விறகு எங்கே அடுக்குவது என்றும் பார்த்து வைத்தேன். சாமியை எங்கே வைப்பது என்ற கேள்வி அந்த இருபத்தொன்றுக்குப் பின்னால் மறைந்துபோய் இருந்திருக்கிறது.

கோசலை கையை நீட்டினாள். கணப்புக்கு இடப்பக்கம், அதே மூலையில், என் புத்தக அலுமாரி இருந்தது.

“நடுத்தட்டு,” என்றாள். “ரெண்டு சாண் உயரம். முருகன் கணக்காப் பொருந்துவார். அளந்து பார்த்திட்டன்.”

“எப்ப அளந்தனீர்?”

“நீங்கள் வேலைக்குப் போன நேரம்.”

நடுத்தட்டில் இருப்பவை நான் திரும்பத் திரும்ப எடுக்கும் புத்தகங்கள். கதிரையில் இருந்தபடி கைநீட்டினால் எட்டும். மேல்தட்டுக்கு ஏணி வேண்டும்.

“கீழ்த்தட்டு வெறுமையாத்தானே கிடக்குது,” என்றேன்.

“சாமியைக் காலடியிலையோ வைக்கிறது?”

“அப்ப மேல்தட்டு.”

“இந்த முழங்காலோடை ஏணியிலை ஏறி விளக்குக் கொளுத்தவோ?”

“ஈசான மூலையிலை அடுப்பு வைக்கக்கூடாது எண்டெல்லோ நீர் சொல்லுறனீர்? நெருப்புக்கு அக்கினி மூலை.” வேறு ஒன்றும் கிடைக்காமல் அதைச் சொன்னேன். சொல்லும்போதே என் அடுப்பை நானே தடுக்கிறேன் என்று தெரிந்தது.

“இருவது வருசமா அதுக்குள்ளை விளக்கு எரிஞ்சது. விளக்கு நெருப்பில்லையோ?”

அவள் கதிரையை விட்டு எழும்பினாள். மடித்த பட்டை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்து கதவருகே போனாள். பயணப்பையைத் திறந்தாள். போன வருடம் அந்தப் பையில் உடுப்பும் தைலமும் மட்டும் போயின. சாமியை நான் பார்த்துக்கொண்டேன். இன்று பைக்குள் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது. அடியில் ஒரு கம்பளி விரித்திருந்தது. முருகன் படத்தின் அளவு. முருகனைக் கொண்டுபோகிறவள் மாசியில் திரும்பிவருகிறவள் அல்ல. அவள் அந்த வெறுமைக்குப் பக்கத்தில் பட்டை வைத்துவிட்டு, பையை மூடாமல், அங்கேயே நின்றாள்.

பாலத்தில் மெட்ரோ ஒன்று போனது. யோன் பென்சிலைக் காதில் சொருகினான், எடுத்தான், மறுபடி சொருகினான்.

நான் முருகனைக் கதிரையில் சாய்த்து வைத்துவிட்டு எழும்பி நடுத்தட்டிலிருந்து முதல் நாலு புத்தகத்தை இழுத்தேன். கோபமாகத்தான் இழுத்தேன். தூசி பறந்தது. இன்னும் நாலு. தரையில் அடுக்கு உயர்ந்தது. எந்தப் புத்தகம் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பது என் கைக்குத் தெரியும். இனிக் கை போய் விளக்கில் முட்டும்.

“உந்த மரத்தையும் ஒருக்காத் துடையுங்கோ,” என்று பின்னாலிருந்து கோசலை சொன்னாள். திரும்பிப் பார்த்தேன். பட்டு அவள் கையில் இருந்தது.

யோன் படிவத்தை நிரப்பினான். குறுகிய முதுகுக்காரன். கையெழுத்து வைத்தேன்.

“எப்ப வரும்?”

“ஆறு கிழமை, ஒன்றரை மாதம். டிசம்பர் முதல் கிழமை என்று வையுங்கள்.”

“கந்தசட்டிக்கு முன் முடியாதா?” என்று கேட்டுவிட்டேன். அவனுக்கு அது என்னவென்று தெரியாது. “ஒக்டோபர் முடிய முன்?”

அவன் தலையாட்டினான், இல்லை என்று. மூன்று மாதத்தை அந்தப் படக் கண்ணாடியில் முட்டித் தொலைத்தவன் நான். இனி யாரைத் திட்டுவது?

“ஆறு கிழமையோ?” என்றாள் கோசலை. விரல்விட்டு எண்ணினாள். “ரெண்டு சோடி காலுறை போட்டால் சமாளிக்கலாம். அதுக்கு மேலை எண்டால் சாம்பவியின்ர கட்டில்தான். சொல்லிப்போட்டன்.”

யோன் போனபின் முருகனை நடுத்தட்டில் வைத்தோம். கணக்காகப் பொருந்தினார். தரை முழுக்கப் புத்தகம். படுக்கையறையில் இடமில்லை, நடைவழியில் வைத்தால் அவள் இடறி விழுவாள்.

“இதுகளை எங்கை வைக்கிறது?” என்றேன், இன்னும் கோபம் ஆறாமல்.

அவள் பயணப்பையிலிருந்து காலுறைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே நாடியால் கணப்பைக் காட்டினாள்.

“ஆறு கிழமைக்கு அதுக்குள்ளை அடுக்குங்கோ.”

முழங்காலில் இருந்து அடுக்கினேன். கையெல்லாம் கரி. உள்ளே நாற்பது சென்ரிமீற்றர். ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு வரிசை போனது.