பியேலின் மாடுகள்

தெற்கு சூடானின் பென்டியு சந்தையில் பின்னால் எடுத்த லாரி, பியேலை நசுக்கிவிட்டது. மூன்றாம் நாள் லாரிக்காரர் ஒரு பை நிறைய நோட்டோடு வந்தார்.

"இன்சூரன்ஸ் குடுத்ததுங்க. உசுருக்கு ஈடா குடுக்குற மாட்டு விலைக்கு மேலயே இருக்கு."

பியேலின் அம்மா பையைத் தொடவில்லை. "இந்தத் தாளு கன்னு போடுமா? எம்புள்ள கல்யாணம் ஆகாம போயிட்டான். எனக்கு மாடுதான் வேணும்."

லாரிக்காரருக்கு இது பேராசையாகப் பட்டது. நுவேர் இனத் தலைவர்களின் பஞ்சாயத்துக்கு அப்படிப் படவில்லை. முப்பது மாடு என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

அண்ணனுக்காக அழுது தீர்த்த தம்பி ரூயேயின் மனதில், வெட்கங்கெட்ட ஒரு கணக்கும் ஓடியது. அவன் கட்ட நினைத்த ஞாகிமின் அப்பா, பெண்ணுக்குப் பரிசமாகக் கேட்டதும் முப்பதுதான். அவனிடம் இருந்தது பதினொன்று. மழைக்குள் மாடு வராவிட்டால், தலைநகர் ஜூபாவில் வேலை பார்ப்பவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிடுவேன் என்று அவர் சொல்லியிருந்தார். அவசரக்குடுக்கை ரூயே, மாடு பட்டிக்கு வருமுன்பே அவரிடம் போய் வாக்குக் கொடுத்துவிட்டான்.

"யாரக் கேட்டு சொன்ன?" என்றாள் அம்மா. "அது உங்கண்ணன் உசுருக்கு வந்த மாடு. அவன் பேருக்குத்தான் பொண்ணு எடுக்கணும். அவன் எடத்துல நீ குடும்பம் நடத்து. பொறக்குறது அவன் புள்ளைங்க. உன் முறை அதுக்கப்புறம்."

ஊர் வழக்கம் அவனுக்குத் தெரியாததல்ல. தனக்கு மட்டும் அது விலகிவிடும் என்று நம்பியிருந்தான். அன்றே ஞாகிமிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "கஞ்சி யாருக்கு ஊத்துவேன்?"

"எனக்குத்தான்."

"அப்போ ஓட்டிட்டு வா. பேரு யாருதா வேணா இருக்கட்டும்."

மழைக்கு முன்பே முப்பது மாடும் ஞாகிம் வீட்டுப் பட்டிக்குப் போயின. பியேலின் மனைவியாக அவள் வந்தாள். ரூயேக்கு ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால், அவன் சந்தோஷமாகவே இருந்தான்.

அடுத்த ஆண்டு மகன் பிறந்தான். தடுப்பூசி போட ரூயே தூக்கிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரி நர்ஸ் வெளியூர்க்காரி.

"அப்பா பேரு?"

"பியேல்."

"அவர வரச்சொல்லுங்க, கையெழுத்து வேணும்."

"அவரு இல்லங்க."

"நீங்க யாரு?"

குழந்தை அவன் விரலைப் பிடித்திருந்தது. முகம், அப்படியே ரூயேயின் முகம்.

"சித்தப்பா" என்றான்.