மில்லு வாயை மூடிக்கொண்டாள்

ஒன்றரை வயதுக்குப் பல் எட்டுதான். அந்த எட்டை வைத்துக்கொண்டு அவள் தின்றுபார்க்காத சாமான் வீட்டில் கிடையாது. செருப்பு வார், பழைய செய்தித்தாள், சோப்பின் மூலை. தோட்டத்துக்குப் போனால் ரோஜா மொட்டு, ஈரமண், ஒருமுறை உயிரோடு ஒரு மரவட்டை. சாப்பாட்டை மட்டும் வீடு முழுக்கத் துரத்தித்தான் ஊட்ட வேண்டும். அம்மாக்காரி அவளுக்கு வைத்த பெயர் அரவை மில்லு.

அப்பா தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. மனைவி மருந்துக்கடை வேலைக்குப் போய்விட்டால் பகலெல்லாம் மில்லு அவர் பொறுப்பு. கால் மெஷினை மிதிக்கும், கை துணியைத் தள்ளும், கண்ணை மகள் மேல் எவ்வளவு நேரம் வைக்க முடியும்? அதற்காக அவராகவே ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருந்தார். வாயில் எதைப் போட்டாலும் விழுங்காமல் கொண்டுவந்து காட்ட வேண்டும். காட்டினால் கைதட்டல், தோளில் ஒரு சவாரி. மில்லுவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. கன்னத்தில் அடக்கிக்கொண்டு தத்தித் தத்தி வந்து, மெஷின் பக்கத்தில் நின்று "ஆ" என்பாள். அவர் விரலை விட்டு எடுத்துவிடுவார்.

"மண்ணத் திங்காதேன்னு சொல்றத விட்டுட்டு கை தட்டுறீங்களே, உங்கள என்ன சொல்ல" என்பாள் மனைவி.

"காட்டுறா இல்ல? அது போதும்."

போதுமாகத்தான் இருந்தது, ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை தைக்கக் கொடுத்திருந்த கோட்டைப் போட்டுப் பார்க்க வந்த நாள் வரைக்கும். அந்த அம்மாள் வந்ததிலிருந்தே குறை. ஒரு கை இறங்கியிருக்கிறது, கழுத்து இழுக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனார். தையல்காரருக்கு உள்ளுக்குள் கொதித்தது. அந்த நேரம் பார்த்து மில்லு வந்து நின்று "ஆ" என்றாள். வாய் நிறைய, துணியில் கோடு போடும் சாக்பீஸ். வெள்ளை எச்சில் புதுக் கோட்டின் ஓரத்தில் ஒழுகியது.

"இதுக்குக் கை வேற தட்டுவீங்களாமே. நல்லா இருக்கு வளர்ப்பு" என்றார் தலைமையாசிரியை.

சொன்னவர் மேல் வந்த கோபத்தைச் சொன்னவரிடம் காட்ட அவருக்குத் தைரியம் வரவில்லை. மகளின் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தார். வாய் திறந்தபடியே இருந்தது. சாக்பீஸ் கீழே விழுந்த பிறகுதான் அவள் அழுதாள்.

"அடிக்கவா சொன்னேன்?" என்று தலைமையாசிரியையே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் அதே கோட்டுக்கு எடுத்துவைத்த பித்தளைப் பட்டன்களில் ஒன்றைக் காணவில்லை. மில்லு மேஜைக்கு அடியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு கன்னம் உப்பியிருந்தது. "எங்க, ஆ காட்டு" என்றார். உதட்டை இறுக்கிக்கொண்டாள். கெஞ்சினார், கை தட்டிப் பார்த்தார், கடைசியில் பயந்துபோய்த் தாடையைப் பிடித்தார். மடக்கென்று உள்ளே போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர், பட்டன் வயிற்றுக்கு இறங்கிவிட்டது, தானாக வெளியே வந்துவிடும் என்றார். இரண்டாம் நாள் வந்தும்விட்டது. வீடு மூச்சுவிட்டது. தையல்காரரால்தான் முடியவில்லை.

"எல்லாத்தையும் கொண்டாந்து காட்டுவாளே, இத மட்டும் ஏன் முழுங்கினா?" என்று மனைவி கேட்டாள்.

"தெரியலையே" என்றார். அந்தப் பொய்யைச் சொன்ன வாயை என்ன செய்வது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவி தோட்டத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மில்லு அவளிடம் ஓடிப்போய் "ஆ" என்று ஒரு இலையைக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் தொட்டி ஓரம் போய் வேறு எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவர் மெதுவாகப் போய், நாலடி தள்ளியே குந்தினார்.

"என்னடா கண்ணு சாப்பிடுற? அப்பாவுக்குக் காட்டு. அப்பா ஒண்ணும் பண்ண மாட்டேன்."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்கால் மேல் இருந்த அவருடைய வலது கையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அவசர அவசரமாக விழுங்கினாள்.