ஜெனியின் கற்பூரவல்லி

அலமாரியில் வரிசையாகப் பதினோரு பாட்டில்கள் இருந்தன. பத்தில் டீத்தூள் நிறத்தில் இலை. ஜெனியின் பாட்டிலில் மட்டும் பச்சை. என்னுடையது அந்தப் பத்தில் ஒன்று.

தென்காசியில் மாலை ஆறு மணிக்கு நடக்கும் மூலிகை பதப்படுத்தும் வகுப்பில் நாங்கள் பதினோரு பேர். சீசன் ஆரம்பித்ததும் குற்றாலத்தில் வகுப்பின் பெயரில் ஒரு கடை போடுவார்கள். அதில் உட்கார ஒருவருக்குத்தான் இடம். வீட்டுத் தொட்டியில் வளர்ந்த கற்பூரவல்லியைக் காயவைத்துக் கொண்டுவர வேண்டும், இருபத்தொரு நாள் யாருடையது கெடாமல் இருக்கிறதோ அவருக்குக் கடை என்று முப்பிடாதியம்மாள் டீச்சர் சொல்லிவிட்டார். தடித்த இலை. இதைக் காயவைத்துவிட்டால் எதையும் காயவைக்கலாம் என்பார்.

எனக்கு அந்தக் கடை வேண்டும். பகலில் ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன். இரண்டு வருஷமாக அடுத்தவர் காகிதத்தைத்தான் நகலெடுக்கிறேன். நான் செய்த ஒரு பொருளை ஒருவராவது கேட்டு வாங்க வேண்டும்.

அதனால் ஒன்றையும் விடாமல் நோட்டில் எழுதினேன். காலையில் பறித்தது, கழுவித் துணியில் ஒற்றியது, ஃபேனுக்குக் கீழே நைலான் வலையில் பரப்பியது, தினம் இரண்டு தடவை புரட்டியது. இருநூறு கிராம் இலை ஆறாம் நாள் பதினேழு கிராமாக நின்றது. விரலில் நொறுங்கியது. பாட்டிலில் போட்டு இறுக்கி மூடினேன். ‘சரியாகத்தான் செய்தேனா?’ என்று அந்தப் பக்கத்தில் மட்டும் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன்.

ஜெனியிடம் நோட்டே கிடையாது. செங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிஷம் தாமதமாக வந்து, பேனாவும் இரவல் வாங்குவாள்.

“எத்தனை நாள் காயவச்ச?” என்று கேட்டேன்.

“எண்ணலை வள்ளி. காஞ்சதும் எடுத்துட்டேன்.”

“காஞ்சிட்டுன்னு எப்படித் தெரிஞ்சுது?”

“காதுகிட்ட வச்சு ஆட்டுனேன். சருகு மாதிரி சத்தம் கேட்டுது.”

பின் பெஞ்சிலிருந்து கிங்ஸ்லி சொன்னான்: “ஏட்டி, நோட்டுல எழுதிக்கோ. தேவையான பொருள், காது ஒண்ணு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து டப்பாவில் மீந்திருந்த இலையைக் காதருகே வைத்து ஆட்டினேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பாட்டில்கள் வகுப்பு அலமாரிக்கு வந்த நாளிலிருந்து என் கண் அந்தப் பச்சையிலேயே நின்றது. டீச்சர் பாடம் நடத்தும்போதும் அங்கேதான் பார்த்தேன். நான் ஆறு நாள் புரட்டியது எதற்கு? எண்ணாதவளுக்கு ஏன் நிறம் நிற்கிறது?

ஐந்தாம் நாள் சாரல் பிடித்துக்கொண்டது. ஜெராக்ஸ் கடையை முன்னதாகவே சாத்திவிட்டதால் முதல் ஆளாக வகுப்புக்கு வந்தேன். டீச்சர் பக்கத்து அறையில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக ஈரக்காற்று வந்தது. ஜெனியின் பாட்டிலை எடுத்து மூடியை அரைத் திருகு திருகினேன். லேசாக ஆடும்படி விட்டேன். திரும்ப வைக்கும்போது அவள் பெயர் ஒட்டியிருந்த பக்கம் முன்னால் தெரிகிறதா என்று பார்த்து வைத்தேன். அன்றைக்கு நோட்டில் ‘சாரல்’ என்று மட்டும் எழுதினேன்.

இருபத்தொன்றாம் நாள் டீச்சர் ஒவ்வொரு பாட்டிலாகச் செய்தித்தாளில் கொட்டினார். முதல் பாட்டிலில் காம்பு நெடுக வெள்ளையாகப் பூஞ்சை. இரண்டாவதிலும் அப்படித்தான். என்னுடையதில் அடியில் பஞ்சு வைத்ததுபோல் இருந்தது. கிங்ஸ்லி தன்னுடையதை முகர்ந்துவிட்டு, “டீச்சர், என்னோடது மாவு புளிச்ச மாதிரி இருக்கு, தோசைக்கு ஆகும்” என்றான்.

கடைசியாக ஜெனியுடையது. இலை துவண்டிருந்தது. ஆனால் பச்சையாக, பூஞ்சை இல்லாமல், வாசனையோடு இருந்தது.

“இலை நொறுங்குனதும் காஞ்சிட்டுன்னு நினைச்சிட்டீங்க” என்றார் டீச்சர். “காம்புக்குள்ள ஈரம் இருந்திருக்கு. அடைச்சதும் உள்ளேயே வேர்த்துட்டு. சாரல் காலத்துல முதல் வாரத்துலயே திறந்து பாக்கணும். இது மட்டும் காத்து வாங்கிருக்கு. வெதுவெதுன்னு சட்டியில ஒருதடவை காட்டுனா சரியாயிரும். ஜெனி, நீயா மூடியைத் தளர்த்தி வச்ச?”

“இல்ல டீச்சர், நான் இறுக்கித்தான் மூடுனேன்.”

“அப்போ யாரு? திறந்தவங்களுக்குத்தான் விவரம் தெரிஞ்சிருக்கு. யாருன்னு சொல்லுங்க, அவங்களையே கடைக்கு அனுப்புதேன்.”

என் கை தானாக உயர்ந்தது. “நான்தான் டீச்சர்.”

டீச்சர் முகம் மலர்ந்தது. ஜெனி சட்டென்று திரும்பினாள். “நீயா வள்ளி? என்கிட்ட சொல்லவே இல்லையே!” என்று கண் நிறையச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இன்னும் ஒரு நிமிஷத்தில் நன்றி சொல்லிவிடுவாள். அதிலும் அவளே ஒரு படி மேலே போய்விடுவாள்.

“கெட்டுப் போகட்டும்னு திறந்தேன்” என்றேன்.

ஜெனி பாட்டிலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஏட்டி, ஒருத்தியோடத கெடுக்கக்கூட உனக்கு ஒழுங்கா வரலையே.”

சொன்ன கிங்ஸ்லி மட்டும் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டான். ஜெனி சிரிக்கவில்லை. என் பக்கத்தில் இருந்த பையை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். டீச்சர் கடைக்கு அவள் பெயரை எழுதினார். என்னைத் திட்டவில்லை, என் பக்கம் பார்க்கவே இல்லை.

ஜூலை இரண்டாம் ஞாயிறு குற்றாலம் போனேன். குளிக்கப் போகவில்லை. ஈரத் துண்டும் எண்ணெய்த் தலையுமாகப் போகிறவர்களுக்கு நடுவே கடையைக் கண்டுபிடித்தேன். ஒரு குடும்பம் மூன்று பாட்டில் வாங்கிக்கொண்டு நகர்ந்தது. எல்லாம் புதிதாகக் காயவைத்தவை, எல்லாமே பச்சை. வயிறு எரிந்தது.

ஜெனி என்னைப் பார்த்துவிட்டாள்.

“வாங்க வந்தியா, மூடியைத் திறக்க வந்தியா?”

“பாக்க வந்தேன்.”

“பாத்துக்கோ.” இன்னொருவருக்குப் பையில் போட்டுக் கொடுத்தாள். நான் நகரவில்லை. என்னைப் பார்க்காமலே சொன்னாள்: “காம்பையும் நடு நரம்பையும் கிள்ளி எறிஞ்சிரு. இலையை மட்டும் போடு. அப்புறம் பூஞ்சை வராது.”

நான் கேட்கவே இல்லை. பஸ்ஸில் நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.