நானூறு தட்டுகளுக்கு ஒரு பெட்டி

2009 மார்ச் 14, சனிக்கிழமை, மாலை ஐந்தே முக்கால் மணி, மெல்லிய தூறல். கடையிலிருந்து திரும்பிய கணித ஆசிரியருக்குக் கால் தரையில் பாவவில்லை. தட்டுகளைத் தானே மாற்றிப் போடும் டிவிடி பிளேயர்கள் இரண்டை அங்கே பார்த்திருந்தார்: ஒன்று இருநூறு தட்டுகள் கொள்ளும், மற்றது நானூறு. பெரியதில் ஒன்றே மிஞ்சியிருந்தது. கடை மூடுவதற்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆனால், கூடத்துக்குள் எது வருவதானாலும் நீதிமன்ற எழுத்தரான மனைவியின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்பது அவ்வீட்டுச் சட்டம்.

"சின்னத வாங்கினா நம்ம நானூறு படத்துல பாதி கட்டிலுக்கு அடியிலயேதான் கெடக்கும்மா."

"டிவி அலமாரிய அளந்தீங்களா?"

"மூணு தடவை. அகலம் கச்சிதம்."

"ஆழம்?"

ஆசிரியர் கடையில் தந்த விளக்கத்தாளை நீட்டினார். மனைவி அதிலிருந்த அளவோடு அலமாரியில் அளவுநாடாவை வைத்துப் பார்த்தார். பெரிய பெட்டி நான்கு விரற்கடை வெளியே துருத்தும். அலமாரிக் கதவு மூடாது.

"கணக்கு வாத்தியார்னு வெளிய சொல்லிக்காதீங்க."

"அப்ப சின்னதுதானா?" அவர் குரல் இறங்கிவிட்டது.

"கதவ மூடி வெச்சுட்டு எந்தப் படத்தப் பாக்கப் போறீங்க?"

மனைவி ஒரு தாளை எடுத்து எழுதினார்: 'பெரியதற்கு அனுமதி வழங்கப்படுகிறது. அலமாரிக் கதவை மனுதாரரே கழற்ற வேண்டும்.' கீழே கையொப்பமிட்டு, ஸ்குரூடிரைவரையும் சேர்த்து அவரிடம் கொடுத்தார்.