நீல நோட்டில் எங்கள் வாசல்

போலீஸ்காரன் ஒரு கையால் பந்தை நீட்டினால், மற்ற கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கார்ப்பரல் அலெய்னின் மற்ற கையில் ஒரு சின்ன நீல நோட்டு இருந்தது.

போலீஸ் நடத்தும் இளைஞர் கால்பந்து கிளப் எங்கள் மலைக் குடியிருப்புக்கு வந்து ஒரு வருஷம். போர்ட் ஆஃப் ஸ்பெயின் துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் மூட்டை தூக்கியவன் நான். எத்தனையோ ஏமாற்று பார்த்திருக்கிறேன். ஆனால் சும்மாவே பூட்ஸ், சும்மாவே பயிற்சி, வீடு வரைக்கும் வண்டி என்றால், இது எந்த வகை என்று எனக்குப் பிடிபடவில்லை.

என் பேத்தி கெசையா அங்கே கோல் காக்கிறாள். பதிமூன்று வயது. சனிக்கிழமை காலைக் கப்பலில் டொபேகோ தீவுக்குப் போய் இறுதி ஆட்டம் ஆட வேண்டும். ஒரு தாளில் நான் கையெழுத்துப் போட்டால்தான் போக முடியும். அவள் அப்பன், என் மகன், நியூயார்க்கில் இருக்கிறான். பத்தொன்பது வயதில் யாரோ செய்ததற்கு அவனைப் பிடித்து ஒன்பது நாள் உள்ளே வைத்தார்கள். பிடிப்பதற்கு முன்னால் ஒரு போலீஸ்காரன் தெருப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து, அவன் எங்கே தூங்குவான் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான். நோட்டு என்றால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

பயிற்சி முடிந்ததும் பிள்ளைகள் வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றும் அலெய்னின் காதில் ஏதோ சொல்லும். அவன் எழுதுவான். மூன்று நாள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒரு சொல்லும் கேட்கவில்லை.

"என்னடி சொல்றீங்க அவன் காதுல?"

"ஒண்ணுமில்ல தாத்தா."

"ஒண்ணுமில்லாததை எதுக்கு எழுதறான்?"

"அது எங்க கிளப் விஷயம். நீங்க முதல்ல கையெழுத்துப் போடுங்க."

"நோட்டுல என்ன இருக்குன்னு தெரியற வரைக்கும் பேனாவைத் தொட மாட்டேன்."

அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். நான் பொரித்த உப்பு மீன் அப்படியே கிடந்தது. அவள் உப்பு மீனை விட்டு எழுந்து நான் பார்த்ததில்லை.

புதன்கிழமை லெஸ்டரின் டாக்சியில் ஏறினேன். போலீஸ் வண்டி மைதானத்தை விட்டுக் கிளம்பியது.

"அது பின்னாடியே போ."

லெஸ்டர் சிரித்தான். "கத்பர்ட் அண்ணே, இத்தனை வருஷமா அவங்கதான் நம்ம பின்னாடி வருவாங்க. இன்னைக்குத்தான் மாத்திப் போறோம்."

"வாயை மூடிட்டு ஓட்டு."

வண்டி போன போக்கு விசித்திரமாக இருந்தது. மேல் மலைக்கு நேர்வழி இரண்டு நிமிஷம். அதை விட்டுவிட்டு இறங்கி, பெரிய சாலையைச் சுற்றி, மலையின் முதுகுப் பக்கமாக ஏறியது. பிராத்வெயிட் வீட்டு அண்ணன் தம்பி இருவரையும் தேவாலயத்துக்குப் பின்னால் இறக்கினான் அலெய்ன். தானும் இறங்கி ஓடைப் பாலம் வரை கூடவே நடந்தான். அவர்கள் தாண்டும் வரை நின்றான்.

"இவனுக்கு வழி தெரியாதா?"

"நல்லாத் தெரியுது அண்ணே." லெஸ்டர் இப்போது சிரிக்கவில்லை. "கல்குவாரித் தெரு வழியா அந்தப் பசங்க இந்த வாரம் போகக் கூடாது. போனா அந்தத் தெருக் கும்பல்காரனுங்க சுடுவானுங்க. அடுத்த வாரம் வேற தெரு."

எந்தத் தெருப் பையன் எந்தத் தெருவில் கால் வைக்கலாம் என்பது எங்கள் மலையில் அடிக்கடி மாறும். பிள்ளைகளுக்குக் காலையிலேயே தெரிந்துவிடும். அதைப் போலீசிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். இவனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

கடைசியாகக் கெசையாவை ரொட்டிக்கடை முன்னால் இறக்கினான். அங்கிருந்து என் வீட்டுக்கு நல்ல ஏற்றம். எங்கள் தெருவில் யாருக்கும் யாரோடும் பகை இல்லை. பின்னே ஏன் வாசல் வரை வரவில்லை? அதுதான் எனக்கு விளங்கவில்லை. டாக்சியை விட்டு இறங்கி அவன் வண்டி முன்னால் போய் நின்றேன்.

"நல்லா இருக்கீங்களா பெரியவரே?"

"நோட்டைக் குடு."

அவன் கெசையாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். கொடுத்தான். விரலை வைத்து மெதுவாகத்தான் படிப்பேன். பிராத்வெயிட் பசங்க: கல்குவாரித் தெரு வேண்டாம், பாலம். டேரியன்: வெள்ளி வரைக்கும் சித்தி வீடு. இப்படியே இரண்டு பக்கம். கீழே: கெசையா, ரொட்டிக்கடை. மேலே போகக் கூடாது. தாத்தா.

மற்ற பிள்ளைகளுக்குத் துப்பாக்கி. என் பேத்திக்கு நான்.

"போலீஸ் வண்டி வாசல்ல நின்னா நீங்க கத்துவீங்க," என்றாள். "அப்புறம் கிளப்புக்கே விட மாட்டீங்க."

நான் அலெய்னிடம் திரும்பினேன்.

"இது உன் மேலதிகாரி கையில கிடைச்சா? உன் சட்டைப் பையில இருந்து விழுந்தா?"

"இதை யாருக்கும் காட்டினதில்ல ஐயா. இருபத்திமூணு பிள்ளைங்க. எழுதலைன்னா ஒருத்தனைத் தப்பான இடத்துல இறக்கிடுவேன்."

"எழுதினா இருபத்திமூணு பேரும் எங்க தூங்கறாங்கன்னு எவனோ ஒருத்தனுக்குத் தெரிஞ்சிடும். என் மகனை இப்படி ஒரு நோட்டை வச்சுத்தான் பிடிச்சாங்க. கப்பல்ல இருந்து இறங்கற மூட்டை எது எந்தக் கொட்டகைக்குன்னு நாங்க தலையிலதான் வச்சிருந்தோம். உன் தொப்பிக்குள்ள இடமில்லையா?"

அவன் நோட்டைத் திரும்ப வாங்கினான். பிறகு பக்கங்களைக் கிழித்து என் கையில் வைத்தான். வீட்டுக்குப் போய்க் கரியடுப்பில் போட்டேன். கெசையா பக்கத்தில் நின்று எரிவதைப் பார்த்தாள். கையெழுத்தை அன்றைக்கே போட்டுவிட்டேன். ஆனால் தாளை அவள் பைக்குள் வைத்து, பையை என் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டேன்.

வியாழனும் வெள்ளியும் லெஸ்டரோடு அந்த வண்டிக்குப் பின்னாலேயே போனேன். யார் எங்கே இறங்கினார்கள் என்று பார்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை விடிந்ததும் போலீஸ் வண்டி என் வாசலில் வந்து நின்றது. நான்தான் வரச் சொன்னேன். எதிர்வீட்டுத் திரை விலகியது. விலகட்டும்.

பையைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றேன். "எந்தப் பிள்ளையை எங்க இறக்கணும்னு சொல்லு, கேக்கறேன். நோட்டு இல்லாம."

அலெய்ன் தொப்பியைக் கழற்றிவிட்டு, என் காதருகே குனிந்து ஒவ்வொரு பேராகச் சொன்னான். பிள்ளைகள் அவனிடம் சொல்வதுபோலவே. இருபத்திரண்டு சரி.

"டேரியன் சித்தி வீடுன்னு சொன்னியே. அது எது வரைக்கும்?"

அவன் விழித்தான்.

"தாத்தா, கப்பல் போயிடும்!"

"கப்பல் எப்பக் கிளம்பும்னு எனக்கே சொல்றியா? நீ சும்மா இரு. இவன் யோசிக்கட்டும்."

அலெய்ன் கண்ணை மூடினான். நெற்றியில் வியர்த்தது. "வெள்ளி வரைக்கும். இன்னைல இருந்து அம்மா வீடு. தண்ணிக்குழாய் பக்கம் இறக்கணும்."

பையைக் கொடுத்தேன்.