மூன்றாம் தூண்

சேற்று வாளியோடு ஏணியில் ஏறும்போது இஸ்மத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: கூரை வேறு, பள்ளிவாசல் வேறு. கூரையில் நின்றால் உள்ளே போனதாகாது.

புகாராவில் அவர் தெருப் பள்ளிவாசலுக்குள் கால்வைத்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. முன்கூடத்து மூன்றாம் தூணால் வந்த வினை. உடம்பெல்லாம் கொடியும் பூவும் செதுக்கிய மரத்தூண். அடியில் குடம்போல் பருத்து, பிறகு கழுத்தாய்ச் சிறுத்துக் கல்மேல் நிற்கும். அந்தக் கழுத்து உளுத்துவிட்டது, பிடுங்கிவிட்டு சிமெண்டில் நடுவோம் என்றார் இஸ்மத். பள்ளிவாசல் பொறுப்பாளரும் சிறுவயதுத் தோழருமான நார்முராத் ஒப்பவில்லை. வாய் தடித்தது. "அந்தத் தூண் விழற வரைக்கும் இந்தப் படிய மிதிக்க மாட்டேன்டா!" என்று ஊரறியக் கத்திவிட்டு வந்தார்.

தூண் விழுந்தால்தானே? பனி கொட்டிய இரவுகளில் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பார். விழாதா என்றும் இருக்கும், ஐயோ விழுந்துவிடுமோ என்றும் இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் வேறு தெருவில் தொழுதார். அங்கே அவரைக் கேலி செய்ய ஒருவரும் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

இன்று நோன்புக்கு முன் கூரை பூசும் நாள். வீட்டுக்கு ஓர் ஆள் வந்தாக வேண்டும். "அப்படியே எப்ப விழப்போறேன்னு தூண்கிட்ட கேட்டுட்டு வாங்க," என்று மனைவி ஒய்னிசா வழியனுப்பியிருந்தாள்.

வேலை முடிந்து எல்லோரும் முன்கூடத்தில் தேநீருக்கு உட்கார்ந்தார்கள். இஸ்மத் படிக்குக் கீழேயே நின்றார்.

"இஸ்மத் வந்திருக்கானா? நானே ஊத்தறேன்," என்று நார்முராத் கெண்டியை வாங்கினார். கிண்ணம் விளிம்புவரை நிறைந்தது.

அந்த ஊரில் வேண்டியவருக்குப் பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவார்கள். திரும்பத் திரும்ப ஊற்றி உட்காரவைக்கலாம். நிறைத்துக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள்.

இஸ்மத்துக்கு முகம் எரிந்தது. திரும்பிவிட்டார்.

"வாங்கிக்கடா, கை சுடுது," என்றார் நார்முராத்.

யாரோ சிரித்தார்கள். "யாருக்கு நீட்டறீங்கண்ணே, தூணுக்கா?"

இஸ்மத் திரும்பிப் பார்த்தார். கிண்ணம் மூன்றாம் தூணை நோக்கித்தான் நீண்டிருந்தது. நார்முராத்தின் கண்கள் அதற்கும் அப்பால் எதையோ தேடின. கிண்ணம் நிறைந்ததுகூடத் தெரியாத அளவுக்குக் கண் மங்கிவிட்டதா? கூடவே இருந்திருந்தால் தெரிந்திருக்குமே பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மூன்றே எட்டில் படியேறினார். தூணுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே புகுந்து வாங்கி, நாக்கு வெந்துபோகப் பாதியைக் குடித்தார்.

"என்னடா, பாதிதான் ஊத்தியிருக்க? இன்னும் ஊத்து," என்றார் உரக்க.

நார்முராத் கெண்டியைச் சாய்த்தார். ஒருவருக்கும் தெரியாமல் அதன் அடியில் இஸ்மத்தின் விரல் இருந்தது. கிண்ணம் நிறையுமுன் மெல்ல நிமிர்த்தியது.