தூக்க அட்டை

தட்டு விழப்போகிறது என்று தெரிந்ததுமே அவள் பாய்ந்தாள். மேசை விளிம்பில் இருந்த எவர்சில்வர் தட்டை வாலு ஒரே இழுப்பாக இழுத்துவிட்டது. தட்டு தரையைத் தொட ஒரு சாண் இருக்கும்போது அவள் கையில் சிக்கியது. முழங்கால்தான் தரையில் போய் மோதியது. உயிர் போகிற வலி. ஆனால் வாய்விட்டுக் கத்த முடியாது. உதட்டைக் கடித்துக்கொண்டு அங்கேயே சுருண்டு கிடந்தாள். அம்மா ஏதோ புது விளையாட்டு காட்டுகிறாள் என்று நினைத்த வாலு கைகொட்டிச் சிரித்தது. பிறகு அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து உலுக்கியது.

வாலு அவள் மகள்; ஒரு வயது பத்து மாதம். பெயர் வைக்கும்போது நல்ல பெயராகத்தான் வைத்தார்கள். அது செய்கிற அட்டகாசத்தைப் பார்த்து வாலு என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

சத்தம் கூடாது. அதுதான் அந்த வீட்டின் சட்டம். காரணம், மூடிய கதவுக்குப் பின்னால் அவள் கணவன் தூங்கிக்கொண்டிருந்தான். தொலைதூரப் பேருந்தின் ஓட்டுநர் அவன். சாயங்காலம் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் வருவான். ஒன்பது மணிக்குப் படுத்து நான்கு மணிக்கு எழுவான். முன்பொரு முறை அவனுடைய கம்பெனிப் பேருந்து ஒன்றை ஓட்டிப்போன ஆள் கண்ணயர்ந்து, பள்ளத்தில் உருட்டிவிட்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு ஓட்டுநருக்கும் ஒரு தூக்க அட்டை. ஓட்டுநர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று வீட்டு ஆள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஏழுக்குக் குறைந்தால் சாவி வேறு ஆளுக்குப் போய்விடும்.

"என் அட்டையில ஆறுன்னு ஒரு நாள்கூட இருக்காது" என்று அவன் டிப்போவில் மார்தட்டிக்கொள்வான். உண்மைதான். அந்த ஏழு மணி நேரத்துக்குக் காவல் நின்றவள் எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்க ஓர் அட்டையும் இல்லை.

அழைப்புமணியின் கம்பியை அவளே துண்டித்திருந்தாள். நாற்காலிக் கால்களுக்குத் துணி கட்டியிருந்தாள். தண்ணீர் நூலாக விழும்படிதான் குழாயைத் திறப்பாள். மற்றக் குழந்தைகள் முதலில் அம்மா என்று சொல்லும். வாலு முதலில் சொன்ன வார்த்தை 'உஷ்'. சொந்தக்காரர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கென்னவோ அது சிரிக்கிற விஷயமாகத் தெரியவில்லை.

பகலெல்லாம் கணவனின் தூக்கத்துக்குக் காவல் என்றால், இரவெல்லாம் வாலுவுக்குக் காவல். அது நான்கு முறை, ஐந்து முறை எழும். எழுந்தால் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். "குழந்தை தூங்கும்போது நீயும் தூங்க வேண்டியதுதானே" என்று புத்தி சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. குழந்தை தூங்கும் அந்த முக்கால் மணி நேரத்தில் துணி தானே துவைத்துக்கொள்ளுமா? பாத்திரம் தானே எழுந்து போய்க் குளித்துவிட்டு வருமா? போன வாரம் அவள் பாலில் சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கொட்டினாள். குளித்துவிட்டு வந்து, குளித்தோமா என்று யோசித்து, மறுபடி போய்க் குளித்தாள்.

நேற்றுத்தான் கணவனிடம் கேட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாலுவ நீங்க பாத்துக்கறீங்களா? தலைக்குள்ள என்னமோ இரைஞ்சுக்கிட்டே இருக்கு."

அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான்: "நாப்பத்திரெண்டு உசுர நான் கையில வச்சுக்கிட்டுப் போறேன்டி. உன்னால ஒத்த உசுரப் பாத்துக்க முடியலையா?"



இன்று, தட்டோடு விழுந்தவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுவதற்குள் வாலு படுக்கையறைக் கதவுக்குப் போய்விட்டது. "ப்பா! ப்பா!" என்று இரண்டு கையாலும் கதவை அறைந்தது. அவள் ஓடிப்போய் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். அது கதவின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். வாலு தலையைப் பின்னுக்கு வீசி அவள் தாடையில் மோதியது. பிறகு அவள் முன்கையைக் கவ்விக் கடித்தது. பதினாறு பற்களும் பதிந்து ரத்தம் கசிந்தது.

அவள் அறைந்தாள். யோசித்து அறையவில்லை. கை தானாகப் போனது. சின்னக் கன்னத்தில் ஐந்து விரலும் சிவந்தன. வாலு அப்படியே திகைத்துப்போய்ப் பார்த்தது. பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தது. அந்த மூச்சு அவளுக்கு நன்றாகத் தெரியும். அடுத்து வருவது வீட்டையே பிளக்கும் அலறல்.

அவள் அதன் வாயைப் பொத்தினாள்.

தரையில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் இறுக்கி, உள்ளங்கையால் அழுத்திப் பொத்தினாள். வாய் சின்னது, கை பெரியது. மூக்கும் அதற்குள் அடங்கிவிட்டது. அவள் கண் குழந்தையின் மேல் இல்லை, படுக்கையறைக் கதவின் மேல் இருந்தது. திறக்கிறதா? இல்லை. வாலு உதைத்தது, பிறாண்டியது, அவள் கழுத்தில் நகத்தால் கோடு போட்டது. பிறகு உதை மெதுவானது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. எத்தனை மாதமாக அவள் ஏங்கிய அமைதி! சுவரில் சாய்ந்தாள். கண் மூடியது.

ஆமாம், தூங்கிவிட்டாள். பொத்திய கையை எடுக்காமலே அவள் தூங்கிவிட்டாள்.

வாலுவின் கால் கடைசியாக ஒருமுறை வெட்டி இழுத்தபோது, பக்கத்தில் அடுக்கியிருந்த பாத்திரங்களில் பட்டது. அடுக்கு சரிந்து, அத்தனையும் கடகடவென்று தரையில் உருண்டன.

கதவு திறந்தது. ஓட்டுநர் கண் சிவக்க வெளியே வந்தான்.

"ஒரு மனுஷன் நிம்மதியாத் தூங்க முடியுதா இந்த வீட்டுல?" என்று கத்திக்கொண்டே வந்தவன், சுவரில் சாய்ந்து தூங்குகிறவளைப் பார்த்தான். கோபம் தலைக்கேறியது. ஓங்கி அறைந்தான். அவள் பக்கவாட்டில் சாய்ந்தாள். கை விலகியது. அப்போதுதான் அவன் மகளின் முகத்தைப் பார்த்தான். உதடு நீலம் பூத்திருந்தது. அந்த அறையால்தான் கை விலகியது என்பதற்காக அதை யாரும் மெச்ச வேண்டாம். அவன் குழந்தையைக் காப்பாற்ற அறையவில்லை, தன் தூக்கம் கெட்டதற்காக அறைந்தான்.

"ஐயோ! என்னடி பண்ணின? பாவி, என்னடி பண்ணின?"

குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியில் விழுந்தடித்து இறங்கினான். அவள் வெறுங்காலோடு பின்னால் ஓடினாள். கீழ்வீட்டுத் தையல்காரம்மா தைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள். குழந்தையை அவன் கையிலிருந்து பிடுங்கி, குப்புறப் போட்டு முதுகில் தட்டினாள். ஒருமுறை, இரண்டுமுறை. மூன்றாவது தட்டில் ஒரு விக்கல் வந்தது. பிறகு ஒரு மூச்சு. பிறகு, அந்த வீட்டில் இத்தனை நாளாக யாரும் அனுமதிக்காத அந்த அலறல் முழுசாக வெளியே வந்தது. தையல்காரம்மா அழுதேவிட்டாள்.

"நல்லாக் கத்துடி தங்கம், ஊரே கேக்கட்டும். நிக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க!"

ஆஸ்பத்திரியில் குழந்தையின் மூக்கில் குழாய் மாட்டினார்கள். ஆபத்தில்லை, ஆனாலும் ஒரு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றாள் டாக்டரம்மா. அது காதில் விழுந்ததும் ஓட்டுநரின் பயம் மறுபடி கோபமாக மாறியது. தாழ்வாரத்தில் அத்தனை பேர் முன்னால் மனைவியின் முடியைப் பிடித்து இழுத்தான்.

"கொலைகாரி! பெத்த புள்ளையக் கொல்லப் பாத்தியே, நீயெல்லாம் ஒரு தாயா?"

இரண்டாவது முறை அறைந்தான். அவள் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. முட்டி மடங்கித் தரையில் சரிந்தாள். நர்ஸ் ஓடிவந்து அவனைத் தள்ளிவிட்டாள். டாக்டரம்மா மண்டியிட்டு உட்கார்ந்து நாடி பார்த்தாள், இமையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"மயங்கல. தூங்கறாங்க."

"தூங்கறாளா? இந்த நேரத்துலயா? பாத்தீங்களா டாக்டர், எவ்வளவு கல்நெஞ்சு இவளுக்கு!"

"அடி விழும்போதே ஒரு ஆளு தூங்குதுன்னா, அது கல்நெஞ்சு இல்ல. இவங்க ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் தூங்கறாங்க?"

அவன் விழித்தான். "தெரியாது."

"நீங்க?"

இதற்குப் பதில் அவனிடம் தயாராக இருந்தது. தூங்கும்போதும் கழற்றாத சட்டையின் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினான். தான் பொறுப்பான ஆள் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி உண்டா? "ஏழு மணி நேரம். ஒரு நாள் தப்பினதில்ல. பாருங்க, அவளே கையெழுத்துப் போட்டிருக்கா."

டாக்டரம்மா அட்டையை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். ஏழு, ஏழு, ஏழு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கையெழுத்து. முதலில் தெளிவாக இருந்தது, கீழே வர வர உருத்தெரியாமல் கோணிக்கொண்டு போயிருந்தது.

"நீங்க தூங்கினதுக்கு இவங்க சாட்சின்னா, அவ்வளவு நேரமும் இவங்க முழிச்சிருந்திருக்காங்கன்னு அர்த்தம். உங்களுக்கு அது தோணவே இல்லையா?" அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். "நடந்தத நான் எழுதித்தான் ஆகணும். நாளைக்குக் குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸ்ல இருந்து விசாரிக்க வருவாங்க. இவங்கள இப்போ எழுப்பக் கூடாது. தானா எழுந்திரிக்கிற வரைக்கும் குழந்தைய நீங்கதான் பாத்துக்கணும்."

அவளைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். மூக்குக் குழாயைக் கழற்றிய பிறகு வாலு அப்பனின் கைக்கு வந்தது.

முதல் ஒரு மணி நேரம் அவன் கொஞ்சினான். இரண்டாவது மணியில் தாழ்வாரத்தில் தூக்கிக்கொண்டு நடந்தான். மூன்றாவது மணியில் வாலு அவன் சட்டையில் வாந்தி எடுத்தது, பால் பாட்டிலை அவன் மூக்கில் எறிந்தது, அம்மாவின் கட்டிலைக் காட்டிக் காட்டித் துள்ளியது. பாதித் தூக்கத்தில் எழுந்து வந்தவன் அவன். கண் எரிந்தது, மண்டை தெறித்தது. டிப்போவுக்கு ஃபோன் போட்டு இன்று வர முடியாது என்றான். அந்தப்பக்கம் மேற்பார்வையாளர் ஏதோ சொல்ல, இந்தப்பக்கம் வாலு ஃபோனைப் பிடுங்கி அவன் காதில் கீச்சென்று கத்தியது. அவனுக்குள் என்னவோ அறுந்தது. குழந்தையின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"சும்மா இருக்க மாட்ட? சும்மா இருக்க மாட்டியா நீ?"

வாலு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தது. அவன் கை எழுந்தது. வாயை நோக்கித்தான் போனது. அந்தக் கையைப் பார்த்ததும் வாலு கத்தவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தன் இரண்டு கைகளாலும் தானே தன் வாயைப் பொத்திக்கொண்டது.

ஓட்டுநர் அப்படியே நின்றான். குழந்தையைக் கையில் வாங்கி நான்கு மணி நேரம்கூட ஆகவில்லையே என்று நினைத்தான். மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, குழந்தையின் விரல்களை வாயிலிருந்து விலக்கி, அத்தனை பேரும் பார்க்க, அழுதான்.

அவள் மறுநாள் காலையில்தான் கண் விழித்தாள். விழித்ததும் பதறி எழுந்தாள்.

"மணி என்ன? சத்தம் போட்டாளா? நீங்க தூங்கினீங்களா?"

பிறகுதான் நினைவு வந்தது. நெஞ்சில் ஓங்கி அடித்துக்கொண்டாள். அவன் வாலுவைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தான். அவள் கைகளைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினாள்.

"வேணாம். என் கையில குடுக்காதீங்க. இந்தக் கை வேணாம் அவளுக்கு."

"என் கையும் நேத்து அவ வாய்க்குப் போச்சு" என்றான் அவன். "நான் பாத்துக்க ஆரம்பிச்சு நாலு மணி நேரம்கூட ஆகல அப்போ. நீ ரெண்டு வருஷமாப் பாக்கற. என்னை மன்னிச்சிரு."

அவள் வீங்கிய கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"மன்னிப்ப விரிச்சுப் போட்டு அதுல நான் தூங்க முடியுமா? தினம் ஆறு மணி நேரம் நான் தூங்கணும். அந்த நேரம் வாலு உங்க பொறுப்பு. டூட்டிய மாத்துவீங்களோ, ஆளு வைப்பீங்களோ, உங்க பாடு. இன்னொரு தடவ என் மேல கை விழுந்தா, புள்ளையத் தூக்கிட்டு நான் போயிட்டே இருப்பேன்."

அவன் தலையாட்டினான். வாலு அவன் கையிலிருந்து நழுவி, தானே கட்டிலில் ஏறி, அம்மாவின் போர்வைக்குள் புகுந்துகொண்டது. வெகுநேரம் கழித்துத்தான் அவள் அதைத் தொட்டாள்.

விசாரணைக்கு ஓர் அம்மா கோப்போடு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "குழந்தையோட வாயப் பொத்தினது யாரு?" என்று கேட்டாள்.

"நான்தாங்க" என்றாள் அவள்.

ஓட்டுநர் எழுந்து நின்றான். நேற்று இதே ஆள்தான் கொலைகாரி என்று கத்தினான்.

"பொத்தினது அவ கை. பொத்த வச்சது நான். அதையும் எழுதுங்கம்மா. தூங்காதவன் கையில பஸ்ஸக் குடுத்தாக் குத்தம்னு சட்டம் போட்டிருக்கோம். தூங்காத தாய் கையில புள்ளையக் குடுத்துட்டு, அதுக்குப் பேரு தாய்ப்பாசம்னு சொல்லி நாங்கெல்லாம் குறட்டை விட்டோம். குத்தவாளின்னு எழுதணும்னா, மொதல்ல என் பேர எழுதுங்க."